மலைக்கு எதுக்கு எஃப்-16?

போர் விமானம்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பைத்தியம். சூலூர் பக்கத்துல வளர்ந்தவன். ஜெட் சத்தம் கேட்டா சாப்பாட்டுத் தட்டோட மொட்டை மாடிக்கு ஓடுவேன். அதனால போன வாரம் ஹாஸ்டல்ல பாகிஸ்தானோட எஃப்-16 பத்திப் பேச்சு வந்தப்ப, மைக் ஒண்ணுதான் குறை, அப்படிப் பேசித் தள்ளினேன்.

நான் சொன்னது இதுதான். 2006-ல அமெரிக்காகிட்ட 18 புது எஃப்-16 வாங்க பாகிஸ்தான் ஒப்பந்தம் போட்டுச்சு. முதல் மூணு விமானம் 2010 ஜூன்ல வந்து இறங்குச்சு. நடுவுல, 2008-ல, தீவிரவாத எதிர்ப்புக்குன்னு ஒதுக்கின உதவியில சுமார் 23 கோடி டாலரை, பழைய எஃப்-16களைப் புதுப்பிக்கத் திருப்பிவிடத் திட்டம் போட்டது புஷ் அரசு. மலையில ஒளிஞ்சிருக்கிற தீவிரவாதிகளைத் துல்லியமா அடிக்கத்தான்னு காரணம் சொன்னாங்க.

சரி, ஆனா 2006 ஒப்பந்தத்துல 500 ஆம்ராம் ஏவுகணையும் இருந்துச்சே? அது வானத்துல பறக்கிற விமானத்தைச் சுடுறது. ஸ்வாத்துல, வஜீரிஸ்தான்ல இருந்த தாலிபான்கிட்ட ஒரு விமானம்கூடக் கிடையாது! அப்ப அது யாருக்கு? 2019 பிப்ரவரி 28 அன்னைக்கு டெல்லியில நம்ம படைத் தரப்பு ஆம்ராமோட உடைஞ்ச துண்டைக் காட்டினப்ப பதில் கிடைச்சிருச்சு.

மலைச் சண்டையில ஜெட்டோட வேகமே அதுக்கு எதிரி. பள்ளத்தாக்குல நின்னு நிதானமாப் பார்க்க அதுக்கு நேரம் இல்ல. பத்துப் பேர் கும்பல் குகைக்குள்ளயோ ஊருக்குள்ளயோ கலந்துடும். அங்க வேண்டியது ஹெலிகாப்டர், நடந்து போற படை, நம்பித் தகவல் சொல்ற ஊர்க்காரங்க. 2009-ல ஸ்வாத் சண்டையில 20 லட்சத்துக்கும் மேல ஜனங்க வீட்டை விட்டுக் கிளம்பினாங்க. வீட்டை இழந்தவன் அடுத்த தடவை யாருக்குத் தகவல் சொல்வான்?

பசங்க கை தட்டினாங்க. மிசோரம் நண்பன் மட்டும் தட்டல. "மலை மேல ஜெட் அனுப்பினது அவங்க மட்டும்தானா?"ன்னு மெதுவாக் கேட்டான்.

1966 மார்ச் 5. மிசோ தேசிய முன்னணியோட கிளர்ச்சியை அடக்க ஐஸ்வால் மேல நம்ம விமானப்படையோட தூஃபானியும் ஹன்டரும் தாக்குச்சு. அவனோட பாட்டி கைக்குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடினாங்களாம். கோபமே இல்லாம சொன்னான்.

ஹன்டரோட வேகம், எடை, பீரங்கி எல்லாம் எனக்கு மனப்பாடம். இது மட்டும் தெரியாது. என் மேசை மேல ஒட்டியிருக்கிறதே ஹன்டர் படம்தான்.

ஜெட் வந்தும் அந்தக் கிளர்ச்சி அடங்கல. 20 வருஷம் கழிச்சு, 1986 ஜூன் 30-ல, லால்தெங்காவோட உட்கார்ந்து பேசிக் கையெழுத்து போட்டப்புறம்தான் முடிஞ்சுது. அப்புறம் அவரே முதலமைச்சரும் ஆனாரு.

படத்தை இன்னும் கிழிக்கல. ஊருக்குப் போனா, சத்தம் கேட்டு மாடிக்குத்தான் ஓடுவேன், அதுவும் தெரியும். ஆனா அதே சத்தத்துக்குக் காட்டுக்குள்ள ஓடின ஒரு பாட்டியும் இனி ஞாபகத்துக்கு வருவாங்க.