கழிந்ததே இடக்கை வீரன் காலம்

கழிந்தது. வென்றோர் காலமும் கழிந்தது. தோற்றோர் காலமும் கழிந்தது. வென்றபோது செருக்காமலும் தோற்றபோது ஒடுங்காமலும் நின்றோர் காலமோ அவ்விரண்டுக்கும் முன்னரே கழிந்தது. முரசு கிழிந்தபின் முழக்கம் எங்கே உறையும்? களம் கலைந்தபின் காலடி எங்கே பதியும்? மல்லரை இழந்த நாட்டுக்கு அவர்தம் பெயரைச் சொல்லி அழும் நாவேனும் எஞ்ச வேண்டும். அதற்கும் பஞ்சம் வந்த நாளில், போலந்து மண்ணின் இடக்கை வீரன் ஸ்பிக்னியேவ் பியெத்ஷிகோவ்ஸ்கியை நினைந்து நிற்கிறோம்.

விஸ்துலா ஊடறுத்தோடும் வார்சா நகரில் செங்கல்லால் எழுந்த இரட்டை அங்காடிக் கூடங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் விடியலில் காயும் கனியும் விற்க எழுந்தவை. 1944-இல் நகரமே எரிந்த நாளில் தாமும் எரிந்தவை. மாந்தரை நிறுத்திச் சுட்ட குண்டின் வடுவை இன்றும் சுவரில் சுமப்பவை. அவற்றுள் ஒன்றைக் குத்துச்சண்டைக் கூடமாக்கி, 1953 மே மாதத்தில் ஐரோப்பா முழுவதையும் அதனுள் அழைத்தது போலந்து. சாம்பல் ஆறி ஒன்பது ஆண்டே ஆன மண் அது. பத்து எடைப்பிரிவுகளுள் ஐந்தில் பொன்னை வென்று தன் மக்களுக்குச் சூட்டிய மண்ணும் அதுவே. குகியெர் வென்றான், ஸ்டெஃபானியுக் வென்றான், க்ருஷா வென்றான், ஆடலரசன் போல் அடியெடுத்து வைத்த ட்ரோகோஷ் வென்றான், காசநோய் நுரையீரலைத் தின்னத் தின்ன ஸிக்முண்ட் ஹிஹ்வா வென்றான். ஓராண்டுக்கு முன் ஹெல்சிங்கியில் போலந்தின் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பொன்னை ஈட்டியவன் அந்த ஹிஹ்வா. பின்னாளில் தாய்நாடு நீங்கி, 2009-இல் ஹாம்பர்க் நகரில் அயல்மண்ணில் அடங்கினான். கழிந்தது அவன் காலம்.

அக்கூடத்தில், ஐவர் பொன் சூடிய அந்நாளில், பதினெட்டு அகவை இளைஞன் ஒருவன் வெண்கலம் பெற்று இறங்கினான். பொன்னொளியில் வெண்கலத்தைக் கண்டவர் சிலரே. கண்ட சிலருள் ஒருவர் ஃபெலிக்ஸ் ஸ்டாம்.

ஸ்டாமைப் ‘பாப்பா’ என்றே அழைத்தனர் அவர்தம் மாணாக்கர். தந்தை என்னும் பொருளில். போருக்கு முன்பே நாட்டின் அணிக்குப் பயிற்சி தந்தவர். போர் தின்றது போக எஞ்சியோரைத் திரட்டி மீண்டும் அணி சமைத்தவர். முரட்டு வலிமையை முதலாகக் கொள்ளாமல், காலின் கணக்கையும் கண்ணின் விரைவையும் முதலாகக் கொண்ட ஆசான். அடிப்பதற்கு முன் அடிபடாதிருக்கக் கற்பித்தவர். 1976-இல் அவர் கண் மூடியபோது, பள்ளிக்கூடம் ஒன்று கூரையோடு சரிந்ததை நாடு உடனே உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆசானிடம் பியெத்ஷிகோவ்ஸ்கி என்னும் பெயருடையோர் இருவர் பயின்றனர், உறவினர் அல்லர். மூத்தவன் தாதேவுஷ், போருக்கு முன் வார்சாவில் பாண்டம் எடையில் சண்டையிட்டவன். 1940 ஜூன் 14 அன்று ஆஷ்விட்ஸ் முகாமுக்குச் சென்ற முதல் போலந்துக் கைதிகளுள் ஒருவன். அவன் எண் 77. அங்கே எடைப்பிரிவு ஏது? பசியால் உருகி எலும்பாய் நின்றவனை, உண்டு பெருத்த கங்காணிகளின் முன் நிறுத்திக் கண்டு களித்தனர் காவலர். வென்றால் ரொட்டி, தோற்றால் பசி. ரொட்டிக்காக அவன் வென்றான். வென்ற ரொட்டியைப் பிறரோடு பகிர்ந்தும் உண்டான். குத்துச்சண்டையில் வீரரை நிறுத்துப் பிரிப்பது அறத்தின் மிகச் சிறிய, ஆனால் மிகத் தெளிவான வடிவம் என்பேன்: எளியவனை வலியவன் முன் எறியாதே என்னும் ஆணையன்றி அது வேறென்ன? அந்த ஆணையை மிதித்த காலத்தில் நின்று சண்டையிட்டவன் மூத்தவன். அந்த ஆணை மீண்ட காலத்தில் துலாக்கோலில் ஏறி நின்று வளர்ந்தவன் இளையவன். இளையவன் பிறந்த பெஸ்த்வின்கா சிற்றூர், மூத்தவன் சிறைப்பட்ட முள்வேலிக்கு அருகிலேயே இருந்தது. போர் ஓய்ந்தபின் மூத்தவன் பியெல்ஸ்கோவில் பள்ளிச் சிறாருக்கு உடற்பயிற்சி ஆசிரியனானான். 1991-இல் மாண்டான்.

இளையவன் ஏறிய படிகளை எண்ணிப் பார்ப்போம். எண்ணுவதே இங்கு அழுகை. 1934 அக்டோபரில் பிறந்தவன். பியெல்ஸ்கோவின் பி.பி.டி.எஸ். கழகத்தின் பிள்ளை. இடக்கையன், வலக்கையை முன்னே நீட்டி எதிரியின் கணக்கைக் குலைத்து, பின்னே மறைந்த இடக்கையால் முடிப்பவன். 1955-இல் பெர்லினில் 71 கிலோ பிரிவில் ஐரோப்பியப் பொன் கொண்டான். 1957-இல் பிராக் நகரில் 75 கிலோ பிரிவில் பொன் கொண்டான். 1959-இல் லூசெர்னில் 81 கிலோ பிரிவில் பொன் கொண்டான். 1963-இல் மாஸ்கோவில், அதே 81-இல், நான்காம் பொன்னையும் கொண்டான். உடல் வளர வளரப் பகையும் வளர்ந்தது. பகை வளர வளரக் கலையும் வளர்ந்தது. ஒரு பிரிவில் அரசாண்டவன் அடுத்த பிரிவில் அடியவனாய் நுழைய வேண்டியிருப்பதே இக்கலையின் கொடுமை. அங்கே கை நீளம், அங்கே தோள் அகலம், அங்கே அடியின் பாரம் வேறு. இருமுறை அவ்வாறு நுழைந்து இருமுறையும் அரசனாய் வெளிவந்தவன் இவன். தன் நாட்டிலோ பதினொரு முறை வாகையன்.

ஹங்கேரியின் லாஸ்லோ பாப்பை அறியாதார் குத்துச்சண்டையை அறியாதார். மூன்று ஒலிம்பிக் பொன் கண்ட முதல் குத்துச்சண்டை வீரன், அவனும் இடக்கையன். அவனை 1956-இல் வார்சாவில் வீழ்த்தினான் நம் வீரன், கூடம் அதிர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் மெல்போர்னில், அரையிறுதியில், பாப் கடனைத் திருப்பினான். பியெத்ஷிகோவ்ஸ்கிக்கு வெண்கலம் வாய்த்தது, பாப்புக்கு மூன்றாம் பொன் வாய்த்தது. இடக்கைக்கு இடக்கை எதிர்நின்ற அத்தகைய நாள்கள் கழிந்தன.

இனி ரோம். இனி உன்னையே விளித்துச் சொல்வேன், வீரனே. பிறரிடம் சொல்லி ஆற இயலாத துயர் அது.

1960 செப்டம்பர் 5, பலாஸ்ஸோ தெல்லோ ஸ்போர்த் அரங்கம். நீ இருபத்தைந்து ஆண்டும் பலநூறு சண்டைகளும் கண்டவன். எதிரே கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்து வந்த பதினெட்டு அகவை விடலை, காஸியஸ் க்ளே. அவனை அச்சுறுத்த உலகில் பொருள் ஒன்று உண்டெனில் அது இடக்கைதான். முந்தைய ஆண்டு தன் நாட்டுத் தேர்வுப் போட்டியில் ஏமோஸ் ஜான்சன் என்னும் இடக்கையனிடம் அவன் தோற்றிருந்தான். முதற்சுற்றில் உன் முன்கை அவனைத் தடுத்தது. உன் நிலை அவனைக் குழப்பியது. பறக்கத் தெரிந்த அவன் கால்கள் இறங்க இடம் தேடின. இரண்டாம் சுற்றிலும் நீ கலங்கவில்லை; அதன் முடிவிலேதான் அவன் வலக்கை வழி கண்டது. மூன்றாம் சுற்றில் மழை பெய்தது, கையுறையின் மழை. கயிற்றில் சாய்ந்தாய், குருதி வழிந்தாய், உன் குருதி அவன் வெண்ணிற ஆடையில் தெறித்தது, ஆயினும் நீ விழவில்லை. மணி அடித்தபோது நின்றுகொண்டிருந்தாய். ஐந்து நடுவரும் அவனுக்கே கொடுத்தனர். அத்தீர்ப்பு நேரியதே, அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு உலகோடு. அவ்விடலை பின்னாளில் முகமது அலி ஆனான். அவன் புகழ் கடல் கடந்தது, மலை கடந்தது, நூற்றாண்டு கடந்தது. அவன் புகழின் வெளிச்சம் உன்மேல் விழுந்தபோது நீ ஒளி பெறவில்லை, நிழலானாய். பொற்பதக்கம் அணிந்த இளைஞனின் படத்தில் பக்கத்துப் படியில் நிற்கும் பெயரில்லா மனிதன் ஆனாய். மூன்று எடைகளை ஆண்டவனை மூன்றே சுற்றுகளால் நிறுத்தது உலகம். கழிந்தது உன் பெயர், உன் காலத்துக்கும் முன்பாக.

அன்று ரோமில் போலந்தின் குத்துச்சண்டை வீரர் ஏழு பதக்கம் கொண்டு மீண்டனர்: பாஷ்ஜோர் பொன், அடாம்ஸ்கி, வாலாஸெக், நீ என மூவர் வெள்ளி, பெண்டிக், ட்ரோகோஷ், காஸ்ப்ஷிக் என மூவர் வெண்கலம். நான்காண்டு கழித்து டோக்கியோவிலும் ஏழு: க்ருஜென், குலெய், காஸ்ப்ஷிக் என மூன்று பொன், அவருள் காஸ்ப்ஷிக் இறுதிச் சண்டையில் கை எலும்பு முறிந்தும் அதை எதிரி அறியாது மறைத்து வென்றவன். நீயும் அங்கே 81 கிலோவில் வெண்கலம் பெற்றாய். மெல்போர்ன், ரோம், டோக்கியோ: மூன்று கண்டம், மூன்று பதக்கம். மூன்று கோடி மக்களுள் வீட்டுக்கு வீடு வானொலியருகே கூடிக் கேட்ட காலம் அது. ஆலைக்கு ஒரு கழகம், சுரங்கத்துக்கு ஒரு கழகம், படைக்கு ஒரு கழகம் என்று சிறுவர்க்குக் கையுறை கிடைத்த காலம். அன்றைய பொதுவுடைமை ஆட்சியின் அடக்குமுறையை நான் புகழேன். ஆயினும் ஏழைச் சிறுவனுக்குக் கையுறையும் ஆசானும் இலவசமாய்க் கிடைத்ததை மறுக்கவும் மாட்டேன்.

அக்காலம் கழிந்தது. 1968-இல் மெக்சிகோவில் குலெய் இரண்டாம் பொன் கண்டான். 1972-இல் மியூனிக்கில் ஷ்செபான்ஸ்கி கண்டான். 1976-இல் மாண்ட்ரியலில் ரிபிட்ஸ்கி கண்டான். அதன்பின் போலந்துக் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக் பொன் இல்லை. எட்டோடு நின்றது கணக்கு. 1988-இல் சியோலில் நான்கு வெண்கலம், 1992-இல் பார்சலோனாவில் பார்த்னிக் கொண்ட ஒரு வெண்கலம், பின்னர் வறட்சி. 1989-இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் ஆலைகள் சரிந்தன, ஆலைக் கழகங்கள் சரிந்தன. கை வலியோர் பணச்சண்டை தேடி ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். அவரை நான் பழியேன். பசித்தவன் கையை யார் பழிப்பார்? முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2024-இல் பாரிசில் யூலியா ஷெரெமேதா என்னும் இளம்பெண் 57 கிலோவில் வெள்ளி வென்று அவ்வறட்சியை முடித்தாள். உன் காலத்துக் களத்தில் பெண்டிர்க்கு இடமே இல்லை. உன் காலத்துக்கும் குறை உண்டு, வீரனே, அதையும் இங்கே சொல்லாமல் விடேன்.

அங்காடிக் கூடமோ குத்துச்சண்டையை இழந்து, பின்னொரு காலத்தில் மீண்டும் உணவு விற்கும் இடமாயிற்று. நீ கையுறை கழற்றியபின் ஊர் திரும்பி வாழ்ந்தாய். முதுமையில், 1993 முதல் 1997 வரை நாடாளுமன்றத்திலும் அமர்ந்தாய். உன் தோழர் ஒருவர்பின் ஒருவராய் நீங்கினர்: 2010-இல் பாஷ்ஜோர், 2011-இல் வாலாஸெக், 2012-இல் ஓராண்டுக்குள்ளே குலெயும் ட்ரோகோஷும். வரிசையில் நின்று அழைப்புக்குக் காத்தவன் போல் நீயும் காத்தாய். 2014 மே 19 அன்று, பியெல்ஸ்கோ-பியாவாவில், எழுபத்தொன்பதாம் அகவையில் உன் முறையும் வந்தது. ஈராண்டு கழித்து அலியும் நீங்கினான், உலகம் அழுதது. உனக்காக அழுதது உன் ஊரும் உன் நாடும் மட்டுமே.

படிப்போரே, ரோம் நகரத்து அந்தப் பழைய படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. காண்பீராயின், மூன்றாம் சுற்றுக்கு விரையாதீர், முதற்சுற்றிலிருந்து காணுங்கள். பதினெட்டு அகவை அலியைத் தடுத்து நிறுத்தும் அந்த முன்கை யாருடையது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்.