திடலோர நாற்காலி

2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எனக்கு அப்போது ஏழு வயது. சுங்கைப் பட்டாணிக்கு அருகே இருந்த எங்கள் தோட்டத்தில், மாலைதோறும் பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுத்தவர் என் பெரியப்பா. காலையில் பால்வெட்டு, மாலையில் கழுத்தில் விசில். அதற்குச் சம்பளம் கிடையாது. தோற்றால் ஏச்சு மட்டும் உண்டு.

அந்த மாதம் முதல் தேதி, சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன் கூடியிருந்தவர்கள் பயிற்றுநர் கே. ராஜகோபாலை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். முந்தைய ஆண்டுதான் லாவோஸ் சீ விளையாட்டில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டுக்குக் காற்பந்துத் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர். அதை யாரும் நினைக்கவில்லை.

பெரியப்பா மட்டும், "பொறுங்கடா, ஆட்டம் இன்னும் இருக்கு," என்றார்.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில் அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-0 என வென்றோம். ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது. அரசாங்கம் டிசம்பர் 31ஆம் தேதியைப் பொது விடுமுறையாக அறிவித்தது. திட்டிய வாய்களே வாழ்த்தின.

ராஜகோபாலுக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர், 2023இல் மறைந்த பி. சத்தியநாதன். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-5 எனத் தோற்ற பின் அவர் பதவி இழந்தார். ஆனால் 2010 அக்டோபரில் கிளந்தான் குழு முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோது, அதன் பயிற்றுநர் அவர்தான். ராஜகோபாலுக்கும் 2013க்குப் பின் அந்த நாற்காலி இல்லை. பயிற்றுநரின் வாழ்க்கை இதுதான், நண்பர்களே. வெற்றி எல்லாருக்கும் பங்கு. தோல்வி அவர் ஒருவருக்கே.

இன்று எங்கள் தோட்டத்துத் திடலில் செம்பனை நிற்கிறது. நாங்கள் தாமான் வீட்டில் இருக்கிறோம். பட்டப்படிப்பு முடிந்ததும் பயிற்றுநர் உரிமம் எடுக்கப் போவதாகச் சென்ற விடுமுறையில் சொன்னேன். டி, சி, பி, ஏ, புரோ என்று ஏற வேண்டிய படிகள் பல.

"பட்டம் படிச்சிட்டு விசில் ஊதப் போறியா?" என்று அம்மா கண்கலங்கினார்.

பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "தோத்த மறுநாள் திடலுக்கு வருவியா?"

"வருவேன்," என்றேன்.

முதல் படிக்குப் பெயர் பதிந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்குப் போகும்போது அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.