லினக்ஸுக்குப் புதுசா? பாஸ்வேர்ட் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்

1/ 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. நல்லா ஓடுற பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாம பலர் லினக்ஸுக்கு மாறினீங்க. என் கிளினிக் ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் இப்போ லினக்ஸ் மின்ட்தான். மாறினவங்க கேட்கிற முதல் கேள்வி: "டாக்டர், எக்ஸ்இ ஃபைலை டவுன்லோட் பண்ணேன், இன்ஸ்டால் ஆகல!"

2/ ஆகாது. அது விண்டோஸுக்கானது. மின்ட், உபுண்டுவுக்கு 'டெப்' ஃபைல், ஃபெடோராவுக்கு 'ஆர்பிஎம்'. ஆனா அதுக்கு முன்னாடி, டவுன்லோடே தேவையான்னு பாருங்க. மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜர், உபுண்டுவில் ஆப் சென்டர் இருக்கு. விஎல்சி, கிம்ப் மாதிரி பலதும் அங்கேயே கிடைக்கும்.

3/ அங்கே இல்லைன்னா மட்டும், தயாரிச்சவங்களோட சொந்தத் தளத்துக்குப் போங்க. 'ஏஎம்டி64'னு பார்த்துட்டு, "என்னுது இன்டெல் ஆச்சே"ன்னு குழம்பாதீங்க. 64 பிட் இன்டெல்லுக்கும் அதேதான். 'ஆர்ம்64' வேற ரகம்.

4/ இப்போ முக்கியமான விஷயம். டெப் ஃபைல் வெறும் பொட்டலம் இல்ல. இன்ஸ்டால் ஆகும்போது அதுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்டுகள் முழு நிர்வாக அதிகாரத்தோட ஓடலாம். அதுக்குத்தான் பாஸ்வேர்ட் கேட்குது. ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குறோமே, அது மாதிரி. என்னன்னு தெரியாம கையெழுத்துப் போடுவீங்களா? என் ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல இருக்கிறது நோயாளிகள் என்னை நம்பிச் சொன்ன விஷயங்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது அவங்க சார்பாவும்தான் சம்மதம் கொடுக்கிறேன்.

5/ "ஒரிஜினல் தளம்தானே, பயமென்ன?" 2016 பிப்ரவரியில் மின்ட்டோட தளத்துக்குள்ளேயே ஊடுருவி, டவுன்லோட் லிங்க்கை மாத்தி, பின்வாசல் வச்ச டிஸ்க் இமேஜைக் கொடுத்தாங்க. செக்சம் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லி மின்ட் குழுவே அறிவிச்சது. செக்சம்ங்கிறது ஃபைலோட கைரேகை. தளத்தில் அது இருந்தா, டெர்மினல்ல 'ஷா256சம்' கட்டளை கொடுத்து ஒப்பிடுங்க. ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலை அழிச்சிடுங்க.

6/ இனி இன்ஸ்டால். டபுள் கிளிக் பண்ணினாலே பெரும்பாலும் போதும். இல்லைன்னா டெர்மினல்ல 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்'னு அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஃபைலை இழுத்து அதுக்குள்ள போடுங்க. முகவரி தானா விழும். என்டர் தட்டுங்க. பாஸ்வேர்ட் அடிக்கும்போது சில கம்ப்யூட்டர்ல திரையில் ஒண்ணுமே தெரியாது. பயப்படாதீங்க, பதிவாகிட்டுத்தான் இருக்கு.

7/ பழைய குறிப்புகள்ல 'டிபிகேஜி'னு ஒரு கட்டளை இருக்கும். அது கொடுத்த ஃபைலை மட்டும்தான் போடும். கூடத் தேவைப்படுற மத்த பேக்கேஜ்களைத் தேடிக் கொண்டு வராது. ஆப்ட் கொண்டு வரும். புதுசா வந்தவங்க ஆப்ட்டோடயே இருங்க.

8/ தனியா போட்ட டெப் எல்லாம் தானா அப்டேட் ஆகாது. கூகுள் குரோம் மாதிரி சிலது தன் களஞ்சியத்தையும் சேர்த்துக்கும், அதனால அப்டேட் வரும். மத்ததுக்குப் புதுப் பதிப்பை நீங்கதான் தேடிப் போடணும். அதனால தனியா போட்டதை ஒரு நோட்டுல எழுதி வைங்க: பேர், எந்தத் தளம், என்னைக்குப் போட்டீங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை புரட்டுங்க. தேவையில்லாததை 'சூடோ ஆப்ட் ரிமூவ்' போட்டு எடுத்துடுங்க.