சபைக்குள் வந்த குறவஞ்சி

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-ல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, அன்று தஞ்சாவூரில் அரண்மனையும் கோயிலும் கொண்டாடிய ஆடல்பாடல் வடிவத்தைக் கிறிஸ்துவுக்கு எடுத்துக்கொண்டது. நாயகி சீயோன் மகளான தேவமோகினி. குறி சொல்ல வரும் குறத்தி விசுவாசம். சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எந்த மன்னனைப் பாடியதோ அந்த இரண்டாம் சரபோஜியும் சாஸ்திரியாரும் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்கள்.

அதற்கு முன் தரங்கம்பாடி மிஷனரிகள் தந்தவை ஞானப்பாட்டுகள். ஜெர்மன் மெட்டு அப்படியே நிற்க, தமிழ்ச் சொல் அதற்குள் அடைக்கப்பட்டது. ஜெர்மன் பாட்டு அழுத்தத்தில் நடக்கிறது. தமிழ்ப் பாட்டு குறில் நெடிலில் நடக்கிறது. மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் 'படி' பாடியாகிவிடும், 'கல்' காலாகிவிடும்.

ஜெர்மன் மெட்டை விட்டு, சாஸ்திரியாரைப் போல ராகத்தில் கீர்த்தனை கட்டுபவருக்கும் சிக்கல் உண்டு. அது பெயரிலேயே தொடங்குகிறது. 'இயேசு'வில் 'யே' நெடில். கார்வை அங்கே நிற்கும், சங்கதி அங்கே விரியும். 'கிறிஸ்து' முழுக்கக் குறில், நடுவில் ஒரு மெய். இழுக்க இடமே இல்லை. விரைவாகப் பாடிக் கடக்க வேண்டும், அல்லது 'கிறிஸ்துவே' என்று விளியாக்கி 'வே'யில் நிற்க வேண்டும். இவ்வகைப் பாட்டுகளில் விளிகள் மலிந்திருப்பதற்குப் பக்தி மட்டுமே காரணமல்ல. ராகத்தில் அத்தனை சிக்கல் இல்லை. துயரத்துக்கு முகாரி, தாலாட்டுக்கு நீலாம்பரி என்பது கேட்பவர் காதில் ஏற்கெனவே ஊறிய வழக்கம். பாடுபவர் அதை விளக்க வேண்டியதில்லை.

புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் இந்தக் கீர்த்தனைகளைத் தடுத்தபோது, 1829-ஐ ஒட்டி, சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாடு நீடிக்க வேண்டும் என்றும் அதே சூட்டோடு வாதாடினார். பாட்டில் வேலி தாண்டியவர் பந்தியில் தாண்டவில்லை. தடை நிலைக்கவில்லை: அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-ல் கீர்த்தனைத் திரட்டொன்றை அச்சிட்டார். பின்னாளில் அதே தஞ்சாவூரில் சுருதி ஆராய்ச்சி செய்து 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவரே.

அன்றைக்குப் 'புறத்தார் இசை' எனப்பட்டது இன்று சபைகளின் பழைய பாட்டு. கிட்டாரும் கீபோர்டும் சினிமா நடையும் கலந்த புதுப் பாடல்களைக் குறைசொல்வோர் அந்தப் பழைய பாட்டையே அளவுகோலாகக் காட்டுகிறார்கள். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கின்றன. பல ஆலயங்களில் கீபோர்டு வாசிப்பவர் பார்ப்பது, அதன் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்த ஸ்கேலைத்தான்.