அந்தப் பையன் சொன்ன அளவு

சின்னப் பொய்யை முதலில் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நான் வைத்திருந்தது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. புதுச்சேரி பக்கத்தில் எங்கள் ஊர் நோணாங்குப்பத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அது ஃபியட் நிறுவனம் 2015 அக்டோபரில் இங்கே விற்பனைக்கு விட்ட அபார்த் புன்டோ. ஐந்து கதவு வைத்த சின்ன கார். 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அப்போது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திய பிறகு, பாதி விலைக்கும் கீழே கிடைத்தது.

அதன் அடையாளம் தேள். கார்லோ அபார்த் வியன்னாவில் பிறந்தவர். 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கினார். பிறந்தது நவம்பர், மேல்நாட்டுக் கணக்கில் விருச்சிகம், அதனால் தேள் சின்னம். இந்தக் கதையைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இருக்க மாட்டார்கள். டீக்கடையில் யாராவது வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும், தொடங்கிவிடுவேன்.

கடலூர் சாலையில் வளர்ந்தவனுக்குக் கார் ஆசை வருவதில் அதிசயமில்லை. வார இறுதியில் சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்கு வெளியூர் வண்டிகள் வரிசையாக வரும். புதுச்சேரியில் ஒரு நாளும் குடியிருக்காதவர்கள், வரி குறைவு என்பதற்காக இங்கே ஒரு முகவரி காட்டி வாங்கிய பெரிய கார்கள் PY 01 எண்ணோடு வேறு ஊர்களில் ஓடியதும், 2017-ல் கேரளத்தில் அது வழக்கானதும் தெரிந்த கதைதான். எங்கள் ஊர் எண் பலகை எவர் எவர் வண்டியிலோ மின்னுகிறது, என் வண்டியில் மின்னக் கூடாதா என்று நினைத்தேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. பொறாமை. அவ்வளவுதான்.

வண்டி கைக்கு வந்தபோது டயர்கள் தேறாது என்று தெரிந்தது. டயரின் மேல்பகுதிப் பட்டன் இன்னும் தேயாமல் இருந்தது. ஆனால் டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படித்தால் வயது தெரிந்துவிடும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அவை வண்டியோடு பிறந்த டயர்கள். ரப்பர் இறுகி, பக்கவாட்டில் நகத்தால் கீறியது போல் வெடிப்பு. மாற்றியே ஆக வேண்டும்.

இங்கே நேர் வழி ஒன்று இருந்தது. கம்பெனி போட்டுத் தந்த 16 அங்குல அலாய் வீல்கள் நான்கும் ஒரு நெளிவும் இல்லாமல் இருந்தன. அதே 195/55 R16 அளவில் புது டயர் நான்கு வாங்கிப் போட்டால் கதை முடிந்தது. டயருக்கு நாம் வெளியூர் போக வேண்டியதுகூட இல்லை, எம்.ஆர்.எஃப். தொழிற்சாலையே நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது. எந்த டயர் கடையிலும் கேட்டால் மறுநாள் வந்து இறங்கும்.

நான் அதைச் செய்யவில்லை. 17 அங்குலம் வேண்டும் என்று நினைத்தேன். சென்னையில் ஒருவர் பழைய 17 அங்குல அலாய் செட்டை டயரோடு விற்கிறார் என்று தெரிந்தது. கறுப்பு நிறம், மெல்லிய ஆரங்கள். புது டயர் நான்குக்கு ஆகும் பணத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கொஞ்சத்துக்காக என் வண்டியின் நல்ல வீல்களை விற்க விலை பேசிவிட்டேன். நல்லதை விற்றுக் கெட்டதை வாங்கினேன், அதுவும் கூடுதல் விலைக்கு.

வாங்கிய டயர் 205/40 R17. இந்த எண்களின் கணக்கு எனக்குத் தெரியும் என்பதுதான் வெட்கம். 205 அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, 17 ரிம். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். புதியது 596. சக்கரம் பெரிதானது போலத் தெரிந்தாலும் உண்மையில் சிறுத்துவிட்டது. 155 மில்லிமீட்டர் தரை இடைவெளியில் 12 போயிற்று. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 96-ல்தான் போகும். வேகம் கூடிவிட்டது என்று நான் பூரித்துக்கொண்டிருந்த நாட்களில், முள்தான் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. பாரம் தாங்கும் குறியீடு 87-லிருந்து 84-க்கு இறங்கியது; அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கியது போய் 500 கிலோ. 17 அங்குலம்தான் வேண்டுமென்றால் 205/45 வாங்கியிருக்கலாம், விட்டம் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும். செட்டோடு வந்தது 40. படத்தில் அழகாக இருந்ததும் 40.

ஆனால் பிறகு ஒருவரின் காலை உடைத்தது இந்த டயர் அளவு அல்ல.

சக்கரத்தை வண்டியோடு பிடிக்கிற போல்ட் துளைகள் ஒரு வட்டத்தில் இருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்பார்கள். ஃபியட் இந்தியாவில் விற்ற பாலியோ, லீனியா, புன்டோ எல்லாவற்றுக்கும் நான்கு துளை, 98 மில்லிமீட்டர். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 போன்ற, தெருவில் பத்துக்கு எட்டு பார்க்கிற சின்ன கார்களுக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். நான் வாங்கிய செட் 100. நடுத் துளையும் வேறு: புன்டோவின் ஹப் 58.1 மில்லிமீட்டர், இந்த வீலின் நடு 73.1. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் ஹப்பின் மேல் உட்காராது. வண்டியின் பாரமும் உதறலும் நேராகப் போல்ட்டுக்குப் போகும்.

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு முந்தின நாள் டயர் கடைக்குப் போனேன். மறுநாள் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். என் அத்தை வீடு அங்கேதான். சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்திருப்பார்கள். புதுச் சக்கரத்தோடு போய் இறங்க வேண்டும். அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்கும் என் கார் பைத்தியம் தொற்றியிருந்தது.

கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு பையன் இருந்தான். இருபது வயது இருக்கும். முன் இடது பக்கம் ஜாக்கி வைத்து, பழைய வீலைக் கழற்றி, புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தான். ஒரு போல்ட்டைக் கையால் திருகினான். அடுத்ததைத் திருகப் போனவன் நிறுத்தினான். சக்கரத்தை இறக்கிக் கீழே சாய்த்துவிட்டு, செல்போன் விளக்கை அடித்து ஹப்பைக் காட்டினான். பிறகு ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தான்.

“ணா, இது 98. வீலு 100. உக்காராதுணா. ரிங்கும் இல்ல.”

“ஒரு மில்லிமீட்டர் அந்தப் பக்கம், ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம். முறுக்கினா உக்காரும்.”

“ஸ்பேனர்ல டைட் காட்டும்ணா. ஆனா போல்ட்டு கோணலா நிக்கும். ஓட்டுனா லூஸ் ஆயிடும். இதுக்குன்னே தனி போல்ட்டு வருது, ரிங்கும் வருது. மெட்ராஸ்ல சொல்லி வாங்கித் தரேன். ரெண்டு நாள் பொறுங்க.”

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பத்தாவது தாண்டாத பையன், என் சொந்தக்காரப் பிள்ளைக்கு முன்னால், என் வண்டியைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறான். அது பொறுக்கவில்லை. “உன் முதலாளி எனக்குப் பழக்கம். போடுடா” என்றேன். டா போட்டுத்தான் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போட்டான். நான்கு சக்கரத்தையும் ஒழுங்கான வரிசையில், எதிரெதிராக, தன் எடை முழுவதும் கொடுத்து முறுக்கினான். “ரொம்ப தூரம் போவாதீங்கணா, நாளைக்கு வந்து மறுபடி செக் பண்ணிக்குங்க” என்றான். நான் போகவில்லை.

தேர் அன்று வண்டியைப் பார்த்து எல்லாரும் புகழ்ந்தார்கள். அதை விவரிக்க மனம் இல்லை.

அந்த ஞாயிறு அக்கா மகனோடு கடலூர் போய்த் திரும்பினேன். கிருமாம்பாக்கத்தில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. “மாமா, வண்டி ஆடுது” என்றான். பேலன்சிங் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். இறங்கி ஸ்பேனரை வைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். ஸ்பேனர் டிக்கியில்தான் இருந்தது. இறங்கினால் அந்தப் பையன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காகவே இறங்கவில்லை.

தவளக்குப்பம் தாண்டி நோணாங்குப்பத்துக்குள் வந்து, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன் இடது சக்கரம் கழன்றது. வண்டி மூக்கைத் தார்ச் சாலையில் தேய்த்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. சக்கரம் நிற்கவில்லை. சாலை ஓரம் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒருவரின் முழங்காலில் போய் மோதியது. அவர் கொத்தனார். வேலை முடித்து, கரணை வைத்த பையோடு நின்றிருந்தார். ஜிப்மரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முட்டி முழுதாக மடங்கவில்லை. சாரம் ஏற முடியாது, குத்துக்கால் போட முடியாது. இப்போது இரவுக் காவல் வேலை பார்க்கிறார். கூலி பாதிக்கும் குறைவு.

அன்று மாலையே டயர் கடைக்காரர் ஓடிவந்தார், பையனையும் கூட்டிக்கொண்டு. கூட்டம் நின்றிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டார்.

“உங்க பையன் போல்ட்ட சரியா முறுக்கல” என்றேன்.

பையன், “நான் சொன்னனேணா, உக்காராதுன்னு” என்றான்.

“நீ எங்கடா சொன்ன?” என்றேன்.

இந்த மூன்று சொற்களைத்தான் நான் உங்கள் முன் வைக்க வந்தேன். சக்கரம் கர்வத்தால் கழன்றது. இந்தப் பொய் கர்வம் அல்ல, பயம். வழக்கு வரும், வேலை போகும், ஊர் சிரிக்கும் என்கிற பயம். கடைக்காரர் அங்கேயே பையனை அறைந்தார். நான் தடுக்கவில்லை. மறுநாள் அவனை வேலையை விட்டு நிறுத்தினார். “மாமா, அந்த அண்ணன் சொன்னாருல்ல?” என்று அக்கா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “சும்மா இரு” என்றேன். ஒரு பிள்ளையைப் பொய்க்குச் சாட்சியாக்கினேன்.

இன்ஷூரன்ஸுக்குப் போகவில்லை. சர்வேயர் வந்தால் துளையை அளப்பார். தயாரிப்பாளர் தந்து பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கொத்தனாருக்குப் பணம் கொடுத்தேன். கடைப் பையன் தப்புக்கு இவர் காசு கொடுக்கிறாரே, நல்ல மனுஷன் என்றார்கள். மறுக்கவில்லை.

அக்கா மகன் அதற்குப் பிறகு என் வண்டியில் ஏறவே இல்லை. ஏதாவது காரணம் சொல்லிவிட்டு பஸ்ஸில் போனான். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அது தாங்காமல்தான் உண்மையைச் சொல்லப் போனேனே தவிர, மனசாட்சி தானாக விழித்துக்கொண்டது என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கடைக்காரர் கேட்டுவிட்டு, “இப்ப வந்து சொல்றீங்களே சார்” என்றார். கொத்தனார், “அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டனே தம்பி” என்றார். என்னைத் திட்டவில்லை.

பையன் திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அவன் பழைய எண் வேலை செய்யவில்லை. அங்கே டயர் கடையோ பங்ச்சர் கடையோ வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். அரியாங்குப்பம் பக்கத்துப் பையன் ஒருவன் உங்களிடம் வேலை கேட்டு வந்து, அவனைப் பற்றி இங்கே விசாரித்தால், போல்ட் முறுக்கத் தெரியாதவன் என்று யாராவது இன்னும் சொல்லக்கூடும். அது நான் கிளப்பிய பொய். அவன் முறுக்கியது சரி, அளந்தது சரி, வேண்டாம் என்று சொன்னதும் சரி. அவனை வேலைக்கு வையுங்கள். அவன் ஒரு சக்கரத்தை இறக்கிவைத்து உக்காராது என்று சொன்னால், வண்டிக்காரர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.