வீடு தேடி வரும் மருத்துவமும் நீட்டப்படாத கையும்

கிறிஸ்துவில் அன்புக்குரிய ஜுபைல் வாழ் உறவுகளே,

கப்பர்நாகுமில் ஆண்டவர் நிகழ்த்திய இரு நலமளிப்புகளை மாற்கு நற்செய்தியாளர் முதல் இரண்டு அதிகாரங்களில் தருகிறார். முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். சீமோனின் மாமியாரை யாரும் தூக்கிச் செல்லவில்லை. அவர் காய்ச்சலாய்க் கிடந்த வீட்டுக்குள் ஆண்டவரே வந்தார்.

நம் கிராமங்கள் நெடுங்காலம் முதல்வகை மருத்துவத்தையே அறிந்திருந்தன. சுமக்க ஆளிருந்தால் மருத்துவமனை, இல்லையேல் திண்ணை. இன்றோ அந்த நால்வரில் மூவர் வளைகுடாவில் இருக்கிறீர்கள்.

ஆகவேதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. விருதைவிட, கையில் பையோடு தெருவில் நடந்துவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரே எனக்கு முக்கியம். அவர் உங்கள் தாயின் இரத்த அழுத்தத்தை அளக்கிறார். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார். மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிக்கும் பராமரிப்பும் இல்லம் வருகின்றன.

ஆனால் மாத்திரை வீடு வருவதும் வாய்க்குள் போவதும் ஒன்றல்ல. "நார்மல் என்று சொல்லிவிட்டார்கள், இனி எதற்கு?" என்று பல தாய்மார் நிறுத்திவிடுகிறார்கள். அளவு சீராக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பதைத் தன்னார்வலர் பத்து முறை சொல்வதைவிட, மகன் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எடுபடும். (நீங்கள் அனுப்பும் பேரீச்சம்பழப் பெட்டியைச் சர்க்கரை நோயாளியான தாய் 'பழம்தானே' என்று தீர்ப்பதையும் கொஞ்சம் கேட்டுவையுங்கள்.)

இனி உங்களைப் பற்றி. வளைகுடா செல்வோர் பரிசோதனை என்றாலே அஞ்சுவதன் காரணம் எனக்குத் தெரியும். விமானம் ஏறுமுன் நடந்த 'மெடிக்கல்', 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்' என்ற ஒரே சொல்லில் குடும்பத்தின் கடனையும் தங்கையின் திருமணத்தையும் தீர்மானித்தது. அந்த அச்சத்தில், தலைசுற்றினாலும் சொல்லாமல் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 'ஃபிட்' சீட்டு அன்றைய உடலுக்கு மட்டுமே சாட்சி. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கும். கோடை வெயிலில் போதிய நீரின்றி உழைக்கும் உடலுக்கு அது இரட்டைச் சுமை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை திறந்தவெளியில் வேலை கூடாது என்ற சவூதி விதி வெயிலைத்தான் தடுக்கும், அழுத்தத்தை அளக்காது.

தனியார் துறையில் பணிபுரிவோருக்கு நிறுவனம் மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும். அந்த அட்டையை விபத்துக்கென்றே பூட்டிவைக்காமல், 30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் உடன் தங்கியிருப்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். விடுமுறையில் வரும்போது தன்னார்வலர் உங்கள் தாயின் கையில் பட்டையைச் சுற்றி முடித்ததும், "அக்கா, எனக்கும் பாருங்கள்" என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை