எறும்பு போகாத தூரம்

வசந்தத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து செர்ரிப் பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ராமிங்ஹாமில், வில் கர்ட்டிஸ் என்பவர் 1931-ல் தொடங்கிய ‘கார்டன் இன் த வுட்ஸ்’ தோட்டத்தில் தலையைக் குனிந்தே நடக்க வேண்டும். தினமும் வாசல் கூட்டிப் பழகிய நம் கண்ணுக்கு அந்தத் தரை முதலில் எரிச்சலூட்டும். எங்கு பார்த்தாலும் போன வருடத்துச் சருகு, மக்கியும் மக்காமலும். இதைக்கூடவா கூட்டி அள்ள மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தச் சருகைக் கிழித்துக்கொண்டுதான் பிளட்ரூட் என்ற காட்டுப் பூஞ்செடி மேலே வருகிறது. ஒற்றை இலை மொட்டைப் போர்த்தியபடி எழும். இலை விரிவதற்கு முன்பே, எட்டு முதல் பன்னிரண்டு வரையான வெள்ளை இதழ்களோடு பூ மலர்ந்துவிடும். மேலே மேப்பிளும் ஓக்கும் துளிர்த்து வெயிலை மறைப்பதற்குள் அது பூத்துக் காய்த்தாக வேண்டும். மேகமூட்டமான நாளில் இதழ் திறக்காது. ஒரு பூவின் ஆயுள் சில நாள். பலத்த மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒரு வாரம் தாமதமாகப் போனால் பார்ப்பதற்கு இலை மட்டும் மிஞ்சும். சருகைப் பற்றிய எரிச்சலும் மண்புழுவைப் பற்றித் தெரிந்ததும் மாறிவிடுகிறது. நமக்கு உழவனின் நண்பன் மண்புழு. ஒருகாலத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த இந்த வடகிழக்கு நிலத்திலோ, மண்புழு வெளியிலிருந்து வந்து சேர்ந்த உயிர். சருகைத் தின்று தீர்த்து, காட்டுத் தரையின் மெத்தையையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பிளட்ரூட்டின் கிழங்கைக் கீறினால் செந்நிறப் பால் வடியும். நம் சாலையோரத்துப் பிரம்மதண்டின் மஞ்சள் பாலை அறிந்தவர்களுக்கு உறவு புரியும். இரண்டும் அபினிச் செடியின் குடும்பம். சாங்குவினாரின் என்ற நஞ்சு இரண்டிலும் உண்டு. பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால்தான் 1998-ல் டெல்லியில் உடல் வீங்கிப் பலர் இறந்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினர் பிளட்ரூட் கிழங்கிலிருந்து சாயம் எடுத்தார்கள், மருந்தாகவும் கையாண்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் களிம்பாக்கிப் புற்றுநோய்க்கு மருந்தென்று விற்றார்கள். அந்தக் களிம்பு நல்ல சதையையும் சேர்த்து அரித்துவிடும். அப்பலாச்சியன் மலைக்காடுகளில் இன்றும் இந்தக் கிழங்கைத் தோண்டி விற்கிறார்கள். ஆகவே இதைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிக் காப்பது என்பதில்தான் வழக்கு. தோட்டத்தில், விதை போட்டுப் பெருக்கினால்தான் இந்தச் செடிக்கு எதிர்காலம் உண்டு என்பது என் கட்சி.

விதை வழி பொறுமையைச் சோதிக்கும் என்பதை மறுக்க முடியாது. மே கடைசியிலோ ஜூனிலோ காய் வெடிக்கும். ஒவ்வொரு விதையிலும் வெண்மையான கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காகவே விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், சதையைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடுகின்றன. அந்தக் குப்பைதான் அதற்கு நாற்றங்கால். எறும்பை முந்த வேண்டுமானால், காய் முற்றும்போதே மெல்லிய வலைத்துணியைக் கட்டிவிட வேண்டும். எடுத்த விதையைக் காயவிடக் கூடாது; அன்றே விதைத்துச் சருகு போர்த்த வேண்டும். கோடையின் சூடும் அடுத்து வரும் குளிரும் பட்ட பிறகுதான் முளைக்கும். சில விதைகள் இரண்டாம் வசந்தம் வரை காக்க வைக்கும். முதல் ஆண்டு ஒரே ஒரு இலை. பூ வர மூன்று, நான்கு ஆண்டாகும். கிழங்கை வெட்டி வைத்தால் அடுத்த வசந்தமே பூத்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. இலை பழுத்து ஓய்ந்த பிறகு, மொட்டுள்ள துண்டாக வெட்டி, படுக்கை வசமாக ஆழமில்லாமல் நட்டால் பிழைக்கும் என்பது உண்மை. ஈரம் தேங்கும் மண்ணில் வெட்டுவாயிலிருந்து அழுகும் என்பதும் அதே அளவு உண்மை. அதைவிடப் பெரிய குறை, எத்தனை துண்டு போட்டாலும் அது ஒரே செடி என்பது. இந்தச் செடியில் அடுக்குப்பூ வகை ஒன்று உண்டு. 1916-ல் ஒஹையோவின் டேட்டனில் கண்டெடுத்தது. மகரந்தத் தாள்களும் சூலகமும் இதழாக மாறிவிட்டதால் விதையே பிடிக்காது, அதனாலேயே பல நாள் உதிராமல் நிற்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மகரந்தம் தேடி வரும் தேனீக்கும், காட்டுத் தரையின் எறும்புக்கும் அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. மண்ணோடு கை மாறும் கிழங்கு மண்புழு முட்டைகளையும் புது நிலத்துக்குக் கொண்டுபோகலாம். கழுவிய விதையில் அந்தப் பயம் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: காட்டுச் செடியைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள், தானே பெருகும் என்பது. மாசசூசெட்ஸ் காடுகளுக்குள் நடந்தால் மரங்களுக்கு நடுவே இடுப்பளவு கற்சுவர்கள் ஓடும். யாருமற்ற காட்டில் எதற்குச் சுவர் என்று திகைக்க வேண்டாம். அவை வயல் வரப்புகள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாநிலத்தின் பெரும்பகுதி காட்டை வெட்டித் திருத்திய நிலம். உழவர்கள் விட்டுப்போன பிறகு மரங்கள் திரும்பி வந்தன, காற்றும் பறவையும் கொண்டுவந்து சேர்த்தவை. எறும்பை நம்பியிருந்த பூஞ்செடிகள் வரவில்லை. எறும்பு ஒரு விதையைப் பெரும்பாலும் சில மீட்டருக்கு மேல் சுமப்பதில்லை. இடையே ஒரு சாலையோ புல்வெளியோ வந்தால் அதன் பயணம் முடிந்தது. நூறு ஆண்டு வளர்ந்த காட்டிலும் தரை வெறுமையாகக் கிடப்பது இதனால்தான், போதாக்குறைக்கு மான்களின் மேய்ச்சல் வேறு. அறுத்தது மனிதன் என்றால் ஒட்டவைப்பதும் அவன் பொறுப்பு. அதைத் தலையீடு என்று சொல்லி ஒதுங்குவது நியாயமாகாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: விதை அந்த வட்டாரத்துத் தாய்ச்செடியிலிருந்து வர வேண்டும், அதுவும் கொஞ்சமாக எடுக்க வேண்டும்.

நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் வீடு வாங்கி, கொல்லையில் மேப்பிள் மர நிழலும் வாய்த்திருக்கிற நம்மவர்கள் ஏராளம். புல் வளராத அந்த மரத்தடியைப் பிளட்ரூட்டுக்குக் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் அங்கே மட்டும் சருகை வாராமல் விடுங்கள். செடி வாங்கப் போனால், அது விதையிலிருந்து வந்ததா, காட்டிலிருந்து தோண்டிச் சில மாதம் தொட்டியில் வைத்ததா என்று கேளுங்கள். நேரான பதில் கிடைக்காத இடத்தில் வாங்க வேண்டாம்.